நீலக் கதவின் முன்னால்

ராஜராஜேஸ்வரி அந்தப் படத்தை ஒரு பழைய துவாயில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் அந்த ஒழுங்கையில் இருந்த ஃபிளற்றுக்கு லிப்ட் உண்டு. அது வேலை செய்த நாட்கள்தான் குறைவு.

கதவைத் திறந்தது றேணுகா. அவள் கீழ்மாடியில் குடியிருப்பவள், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிற ரியூஷன் ரீச்சர். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் நஸீறாவின் வீட்டில்தான் கிடப்பாள். நஸீறா காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். எரிந்த கடைகளின் படங்களையும் நொறுங்கிய கார்களின் படங்களையும் பார்த்து, யார் உண்மை சொல்கிறார்கள், யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை. தீர்க்க முடியாத சங்கடம் வந்தவர்கள் இந்த மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். வருகிறவர்களின் கதையைக் கேட்டு, நஸீறா வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது றேணுகாவின் வழக்கம். அந்தத் தீர்ப்பு அநேகமாகப் பிழையாகிப்போகும். அதற்காக அவள் மனம் தளர்ந்ததில்லை.

"பிளேன்ரீ குடிங்க. பொறகு கதைப்போம்" என்றார் நஸீறா.

ராஜராஜேஸ்வரி தேநீரைத் தொடவில்லை. துவாயை அவிழ்த்துப் படத்தை மேசையில் வைத்தாள். பிறேம் போட்ட வண்ணப்படம். வேட்டி கட்டி, தோளில் துண்டோடு ஒரு மனிதர் வீட்டு வாசலில் நின்று சிரித்தார். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறிகள். பின்னால் நீல நிறக் கதவு. பக்கத்தில் மாவிலை செருகிய நிறைகுடமும் ஒரு குத்துவிளக்கும்.

"இது எங்க அப்பச்சி, அப்பாவ நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். சொக்கலிங்கம்னு பேரு, சொக்குன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. செட்டியார் தெருவுல ஒரு கடையில கணக்கு வேலை. எண்பத்துமூணு ஜூலைக் கலவரத்துல, கடை என்னாச்சுன்னு பார்த்துட்டு வர்றேன்னு போனாங்க. வரல."

அவள் படத்தின் விளிம்பைத் துவாயால் துடைத்தாள். கீழே கடலோரமாகக் கோட்டைக்குப் போகும் ரயில் கடந்தது.

"அப்போ எனக்கு ஏழு வயசு. இதே வெள்ளவத்தையில நாங்க இருந்தத பச்சைக் கதவு வீடுன்னு சொல்வாங்க, அந்தத் தெருவுக்கே அதுதான் அடையாளம். கலவரத்துல கதவு எரிஞ்சுபோச்சு. நாங்க முகாமுக்குப் போயி, கப்பல் ஏறி அக்கரையில இருக்கற எங்க ஊருக்குப் போயி, மறு வருசம் திரும்பி வந்தோம். அதுக்குள்ள வீட்டுச் சொந்தக்காரர், அந்தச் சிங்கள மஹத்தயா, புதுக் கதவு போட்டு நீலம் அடிச்சிருந்தார். இடையில கொஞ்ச மாசம் யாரோ வாடகைக்கு இருந்தாங்களாம். யாருன்னு நாங்க கேட்டுக்கல."

றேணுகா படத்தின் பக்கம் குனிந்தாள். "அப்ப இந்தப் படம்..."

"நீலக் கதவுக்கு முன்னாடி நிக்கிறாங்க" என்றாள் ராஜராஜேஸ்வரி. "அப்பச்சி சாகல. திரும்பி வந்து அந்த வீட்டுல இருந்திருக்காங்க. எங்களத் தேடாம எங்கயோ போயிருக்காங்க. பக்கத்துல பாருங்க, வெள்ளிக் குடம், வெள்ளி விளக்கு. எங்க வெள்ளிச் சாமான் எல்லாம் ஊர்லதான், கொழும்புல ஒரு வெள்ளிச் செம்புகூட இருந்ததில்ல. யாரோடயோ வசதியாத்தான் இருந்திருக்காங்க."

ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் கணவர் பெயரில் கோயிலில் பிதிர்க்கடன் செய்விப்பது அவளுடைய தாய் பெத்தாளின் வழக்கம். இந்த வருடம் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். ஏன் என்று கிழவி கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டாள்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு எள்ளும் தண்ணியும் எப்படி விடறது? ஆத்தா தாலியக் கழட்டி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இந்தப் படத்த அவங்ககிட்ட காட்டணுமா, கிழிச்சுப் போடணுமா? அத மட்டும் சொல்லுங்க."

நஸீறா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வேறு யாராவது என்றால் முகத்தில்தான் நேரம் செலவழித்திருப்பார்கள். அவர் நெடுநேரம் பார்த்தது கால்களை.

"உங்கட அப்பச்சி என்னா நிறம்?"

"மாநிறம்."

"முகம் மாநிறம்தான். காலப் பாருங்க."

றேணுகா எட்டிப் பார்த்தாள். முகம் நல்ல தேநீர் நிறத்தில் இருந்தது. கைகளும் கால்களும் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றவனுடையதுபோல் சாம்பல் பூத்துக் கிடந்தன. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "தலையை வெட்டி ஒட்டியிருக்கினம் அக்கா. உடம்பு வேற ஆளின்ர."

"கழுத்த ஒட்டின மாதிரித் தெரியல்ல புள்ள. இரி." நஸீறா ராஜராஜேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "இது திருத்தின படம். பழைய படம் யார்கிட்ட?"

படம் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தது. சொக்கலிங்கத்தோடு அதே கடையில் வேலை பார்த்த பெனடிக்ற் என்பவர் எடுத்தது. அவர் போன வருடம் காலமானார். அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மனைவி கொன்ஸ்ரன்ஸின் கையில் அது அகப்பட்டது. நிறம் மங்கிக் கிடந்த படத்தை அவர் வெள்ளவத்தையில் பழைய படங்களைத் திருத்துகிற விக்ரமன் என்பவரிடம் கொடுத்து, ஸ்கான் செய்து திருத்தி, பிறேம் போட்டு, ராஜராஜேஸ்வரிக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்.

"அந்த ஆன்ட்டிகிட்ட நான் போன்ல கத்திட்டேன்" என்றாள் அவள். "நீங்க எல்லாரும் சேர்ந்து மறைச்சிட்டீங்கன்னு."

அவள் போனதும் றேணுகா தன் இரண்டாவது தீர்ப்பைச் சொன்னாள். "அந்தக் கிழவிக்கு எல்லாம் தெரியும் அக்கா. அவையின்ர வீட்டிலதான் ஆளை ஒளிச்சு வைச்சிருக்கினம்."

"அப்பிடி ஒளிச்சு வெச்சவ, அதக் காட்டிக் குடுக்கிற படத்துக்குக் காசு குடுத்துப் பிறேம் போடுவாளா?"

றேணுகா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஆனாலும் சந்தேகத்தை அவள் முழுதாகக் கைவிடவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். புனித லூசியா பேராலயத்தின் பின்பக்கத்து ஒழுங்கையில் கொன்ஸ்ரன்ஸின் சிறிய வீடு. மெலிந்த உருவம், கையில் செபமாலை. ராஜராஜேஸ்வரியின் பெயரைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டது.

"நான் தூக்கி வளர்த்த பிள்ளை அது. யேசு பாலன் பிறந்த நத்தாருக்குத் தகப்பனோட இங்க வந்தா என்ர மடியை விட்டு இறங்காள். அவளுக்குத் தகப்பன்ர படம் ஒண்டும் மிஞ்சேல்ல, எல்லாம் வீட்டோட எரிஞ்சது. சந்தோசப்படுவாள் எண்டு நினைச்சுச் செய்தன். ‘மறைச்சிட்டீங்க’ எண்டு சொல்லிப்போட்டாள். அண்டையில இருந்து எனக்குச் சோறு இறங்குதில்ல."

"படம் எப்ப எடுத்தது?" என்று நஸீறா கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? என்ர மனுசன் எங்க போனாலும் தோளில கமெரா. சொக்கு அண்ணர் கடைசியா இங்க வந்தது எண்பத்திரண்டு நத்தார். அதுக்குப் பிறகு நான் அவரைக் காணேல்ல. மாதா மேல ஆணை."

மூலப் படத்தை அவர் எடுத்து வந்தார். முழுப் படத்தின் மீதும் கித்துள் பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றிவிட்டதுபோல் ஒரு செம்மஞ்சள் நிறம் படிந்திருந்தது. சுற்றிலும் இருந்த வெள்ளை ஓரம் தந்தமாகியிருந்தது. கதவோ சேற்று நிறம். அது பச்சையா நீலமா என்று சத்தியம் பண்ணி யாராலும் சொல்ல முடியாது. றேணுகாவுக்கு ஏமாற்றம்.

நஸீறா கைப்பையில் இருந்து ஒரு கறுப்பு அட்டைத் துண்டை எடுத்தார். அதில் சிறிதாக இரண்டு ஓட்டைகள். "கண்ண நம்பக் கூடாது புள்ள. பக்கத்துல என்னா நிறம் ஈக்கோ அதுக்குத் தக்கின மாதிரி அது மாறிப் பாக்கும். இந்த ஓட்டையால பாத்தா ஏமாத்தேலாது." அட்டையைப் படத்தின் மேல் வைத்தார். ஒரு ஓட்டையில் நெற்றித் திருநீறு தெரிந்தது, மற்றதில் வேட்டியின் மடிப்பு.

"ரெண்டும் ஒரே நிறமா?"

றேணுகா குனிந்து பார்த்தாள். "இல்ல அக்கா. மேல இருக்கிறது லேசான ரோஸ். கீழ இருக்கிறது தோடம்பழத் தோல் மாதிரிச் செம்மஞ்சள்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாப் பாத்துத்தான் சொல்லுறன்."

நஸீறா அட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது, கூடவே ஒரு வருத்தமும் தெரிந்தது. அந்த வருத்தம் எதற்கு என்று றேணுகாவுக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் துளைத்துத் துளைத்துக் கேட்டாள். வேட்டி அழுக்காக இருந்திருக்குமோ என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். நஸீறா ஜன்னலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிறு பின்னேரம் ராஜராஜேஸ்வரியின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். கொன்ஸ்ரன்ஸ் வந்து ஒரு மூலைக் கதிரையில் அமர்ந்தார். ராஜராஜேஸ்வரி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பெத்தாள் உள்ளறையில் நித்திரை. விக்ரமன் லப்டொப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினான். அவன் நாற்பது வயதுக்காரன், தொழிலில் நல்ல பெயர் எடுத்தவன். தன்மேல் என்ன குற்றம் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

"பயப்படாதீங்க" என்றார் நஸீறா. "இந்தப் படத்துக்கு நீங்க என்னா செஞ்சீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

"ஸ்கான் பண்ணி, ஓரத்தை வெட்டினன் மிஸ். பிறகு படத்தில ஒரு இடத்தைக் காட்டி, இதுதான் வெள்ளை எண்டு சொல்லிக் குடுப்பம். அந்த இடம் வெள்ளையா வர எவ்வளவு நிறத்தை எடுக்கவேணுமோ, அவ்வளவை முழுப் படத்திலயும் இருந்து எடுத்துப்போடும். படிஞ்ச நிறம் போயிடும்."

"எந்த இடத்தக் காட்டினீங்க?"

"வேட்டிய."

"ஏன் வேட்டி?"

விக்ரமன் அவரை விசித்திரமாகப் பார்த்தான். "வேட்டி வெள்ளைதானே மிஸ்."

அறையில் இருந்த ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. தமிழன் ஒருவனிடம் படத்தைக் கொடுத்து இதில் வெள்ளை எது என்று கேட்டால் வேறு எதைத் தொடுவான்?

"பொறகு?"

"மற்ற எல்லாம் நல்லா வந்திச்சு. முகம் மட்டும் பிணத்தின்ர முகம் மாதிரி வந்திச்சு. மன்னிக்கோணும் அக்கா. ஆக்கள் முதல்ல முகத்தைத்தான் பாப்பினம். அதால முகத்தை மட்டும் தனியாப் பிரிச்செடுத்து மாநிறம் குடுத்தன்."

"கால விட்டுட்டீங்க" என்றார் நஸீறா. "அங்கதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. முகத்துக்குத் தனியா நிறம் குடுக்க வேண்டி வந்திருக்குன்னா, மிச்சப் படத்துட நிறம் பிழை. ரெண்டாவது அந்த விளக்கு. வெள்ளிச் சாமானே இல்லாத வீட்டு வாசல்ல வெள்ளி விளக்கு எப்படி வந்தது? றேணு, பித்தளையில இருந்து மஞ்சள எடுத்துட்டா எப்படித் தெரியும்?"

றேணுகா படத்தில் இருந்த விளக்கை உற்றுப் பார்த்தாள். நிறங்களைக் கூட்டுவதையும் கழிப்பதையும் வருடம் தவறாமல் கரும்பலகையில் வட்டம் வட்டமாகக் கீறிப் படிப்பிக்கிறவள் அவள். "வெள்ளி மாதிரி" என்றாள் மெல்ல.

"பச்சையில இருந்து மஞ்சள எடுத்தா?"

"நீலம்." அவளுடைய காது சிவந்தது. "ஐயோ அக்கா, இது நான் படிப்பிக்கிற பாடம்."

ராஜராஜேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேட்டிய வெள்ளையாக்கப் போயி, படத்துல ஈந்த மஞ்சள் முழுக்கப் போயிட்டுது" என்றார் நஸீறா. "அந்தளவு மஞ்சள் எங்கேந்து வந்தது? பழசானதால படிஞ்சது கொஞ்சம். மிச்சம் வேட்டிட சொந்த நிறம். அது வெள்ள வேட்டியே இல்ல. மஞ்சள்ல நனைச்ச வேட்டி. பழைய படத்துல திருநீறும் வேட்டியும் ஒரே நிறமா ஈக்கணும், ரெண்டும் வெள்ளைன்னா. றேணு ஓட்டையால பாத்தா. ரெண்டும் வேற வேற. திருநீறு என்டைக்கும் வெள்ளதானே? விக்ரமன், இப்ப முதல்ல இருந்து தொடங்குங்க. நெத்தியக் காட்டுங்க."

விக்ரமன் மூலப் படத்தின் ஸ்கானைத் திறந்து, நெற்றியைப் பெரிதாக்கி, திருநீற்றுக் குறியின் நடுவில் ஒரு முறை தட்டினான்.

பாணி நிறம் நீங்கியது. சேறு கலைந்ததுபோல் கதவு தெளிந்து வந்தது. நல்ல பச்சை, முற்றின வாழையிலையின் பச்சை. விளக்கும் குடமும் பித்தளையாகப் பளபளத்தன. கால்கள் உயிருள்ள மனிதனின் கால்களாயின. வேட்டி இளமஞ்சள். யாரும் தனியாகத் தொடாமலே முகமும் தன் நிறத்துக்கு வந்தது.

"பச்சைக் கதவு" என்றாள் ராஜராஜேஸ்வரி.

"ஓம். அது எரியிறதுக்கு முன்னால எடுத்த படம். கொன்ஸ்ரன்ஸ் எதையும் மறைக்கல்ல. உங்கட அப்பச்சி உங்கள விட்டுட்டுப் போகவும் இல்ல."

"அப்போ..." அவள் திரையைத் தொட்டாள். "அப்போ அவங்க வரவே இல்ல."

நஸீறாவின் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த வருத்தம் எதற்கென்று றேணுகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வீட்டுக்குக் கொண்டுவரப்போவது நல்ல செய்தி மட்டுமல்ல என்று அந்த அட்டையை மடிக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இத்தன நாளா அவங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள் ராஜராஜேஸ்வரி. "ஆனா வாசல்ல பெல் அடிச்சா ஓடுவேன். எண்பத்தஞ்சு வயசுக் கிழவரா வந்து நிப்பாங்களோன்னு. திட்டிக்கிட்டே ஓடுவேன்." அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொன்ஸ்ரன்ஸ் எழுந்து வந்து அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவள் விலகவில்லை. விக்ரமன் லப்டொப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். றேணுகாவுக்கும் அழுகை வந்தது, அதை அவள் மறைக்க முயலவில்லை.

கொஞ்சம் அடங்கிய பிறகு ராஜராஜேஸ்வரி கேட்டாள். "எதுக்கு மஞ்சள் வேட்டி?"

"அத நான் சொன்னா ஊகம்" என்றார் நஸீறா. "ஆடி மாசம் முருகன்ட வேல் தேர் காலிக்குப் போற பெரிய ரோட்டால வாறப்ப வாசலுக்கு வாசல் இப்படிக் குடமும் விளக்கும் வெச்சிருப்பாங்க. எங்கட வாப்பா என்னத் தோள்ல ஏத்திக் காட்டுவார். கரும்பு வாங்கித் தருவார். கடிச்சுக் கடிச்சு அவர்ட தலையெல்லாம் சாறு ஊத்தும், ஒண்டும் சொல்ல மாட்டார்." அவர் சிரித்தார். "நிச்சயமாத் தெரிஞ்சவங்க உள்ளுக்கு ஈக்காங்க. இனி அவங்களுக்குக் காட்டப் பயமில்லதானே."

எல்லோரும் உள்ளறைக்குப் போனபோது பெத்தாள் விழித்துத்தான் இருந்தாள். மகள் லப்டொப்பைக் கொண்டுபோய் மடியில் வைத்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அவள் முதலில் பார்த்தது முகத்தையுமல்ல, கதவையுமல்ல.

"மஞ்சள் பத்தல" என்றாள்.

"என்ன ஆத்தா?"

"வேட்டிக்கு. கடையில மஞ்சள் முடிஞ்சுபோச்சு, வீட்டுல இருந்தத அரைச்சு நனைச்சேன். ‘வெளுத்துக் கெடக்கே பெத்தா, முருகன் ஒத்துக்குவானா’ன்னு கேட்டாக." கிழவி விரலால் வேட்டியைத் தடவினாள். "சிரிக்கிறதப் பாரு. அம்புட்டுத் தூரம் நடந்து வந்த மனுசன் மாதிரியா இருக்காக?"

"எங்கேர்ந்து நடந்தாங்க?"

"உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு ஆறு வயசு. காய்ச்சல் வந்து கண்ணே தொறக்காமக் கெடந்தே. ஆசுபத்திரியிலயே கைய விரிச்சுட்டாக. புள்ளய எழுப்பிக் குடு, செட்டியார் தெருவுலேர்ந்து தேரோட காவடி எடுத்து நடந்தே வர்றேன்னு அப்பச்சி வேண்டிக்கிட்டாக. அந்த ஆடிவேலுக்குத்தான் எடுத்தாக. காவடிய எறக்கி வச்சுட்டு வாசலுக்கு வந்ததும் முதல்ல கேட்டது, ‘புள்ள சாப்பிட்டுச்சா’ன்னு. நீ சாப்பிட்டுத் தூங்கிட்டேன்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு. அந்தக் கமெராக்காரத் தம்பி அப்போ அமுக்கிட்டாரு."

ராஜராஜேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் தாயோடு ஒட்டி உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். நஸீறா றேணுகாவின் கையைப் பிடித்து மெல்ல இழுத்தார். அவர்கள் அறை வாசலைத் தாண்டும்போது உள்ளே இருந்து ராஜராஜேஸ்வரியின் குரல் கேட்டது.

"ஆத்தா, அமாவாசைக்கு என்னென்ன வாங்கணும்?"

பெத்தாள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.